சாம்பலும் வெள்ளிக் குண்டும்

எண்ணூரை விட்டுப் புறப்பட்ட கும்மிடிப்பூண்டி ரயில், கழிமுகத்தின் உப்பங்காற்றையும் கரித்தூளையும் ஒருங்கே வாங்கிக்கொண்டு அத்திப்பட்டுப் புதுநகரில் வந்து நிற்கும்போது, அவ்வூருக்குப் புதிதாக வந்திறங்குகிறவர் கண்ணில் முதலில் படுபவை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்தாம். இரவென்றும் பகலென்றும் பாராது நிலக்கரியை விழுங்கி மின்சாரத்தை உமிழும் அந்த மகத்தான அக்கினியைப் பற்றி எழுத வேறு நூல்கள் உண்டு. இந்த அத்தியாயம் எடுத்துக்கொண்டிருக்கும் தீ மிகச் சிறியது. ஒரு தகரச் சட்டிக்குள் அடங்கிவிடுவது. யாருடைய கோபத்தினாலும் மூண்டதல்ல. ஆயினும், தமிழ்நாட்டில் பழைய உடைகள் அழிந்த சரித்திரத்தை யாரேனும் உள்ளபடி எழுதப் புகுந்தால், கலவரத்துக்கும் வெள்ளத்துக்கும் கரையானுக்கும் கொடுக்கும் இடத்தைக் காட்டிலும் பெரிய இடத்தை அந்தச் சட்டித் தீக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது என் துணிபு.

"பழைய பட்டுப்புடவை, கிழிஞ்ச பட்டுப்புடவை, வெள்ளி ஜரிகை வாங்கறது" என்ற குரலை அறியாத குடியிருப்பு வட சென்னையில் அரிது. வியாபாரி வாசற்படியில் உட்கார்ந்து, கொடுத்த புடவையை மடியில் விரித்து, நாம் முதலில் பார்க்கும் நிறத்தையோ முந்தானையின் வேலைப்பாட்டையோ ஏறெடுத்தும் பாராமல், கரையோரத்தில் ஒரேயொரு ஜரிகை இழையை நகத்தால் நெம்பி எடுத்து, அதன்மேல் சுற்றியிருக்கும் தகட்டைக் கொஞ்சம் பிரித்து, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்க்கிறார். பிறகு உரைகல்லில் ஓர் இழுப்பு. அந்தக் கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம். "அசல்தாம்மா, ஆனா கறுத்துப் போச்சு பாருங்க. எடைக்குத்தான் வரும்" என்று அவர் சொல்லும்போது, அம்மையார் தம் மாமியாருக்கு அவருடைய மாமியார் எடுத்துக் கொடுத்த கதையைச் சொல்ல வாயெடுத்து, அது விலையை உயர்த்தப் போவதில்லை என்று உணர்ந்து நிறுத்திக்கொள்கிறார். வியாபாரியைக் குறை சொல்வதற்கில்லை. அவர் வாங்குவது வெள்ளி. புடவை என்பது வெள்ளியைச் சுற்றிக் கட்டியிருக்கும் பொதி. குறை, விற்பவருக்கும் அது அப்படியே தோன்றத் தொடங்கிவிட்டதில் இருக்கிறது.

அப்புறம் நடப்பதைத் தங்கசாலைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கரைகளும் முந்தானையும் கத்தரியால் தனியே அறுத்தெடுக்கப்படுகின்றன. உடல் பட்டு ஒரு மூலைக்குப் போகிறது. அறுத்த பட்டைகளைச் சட்டியில் போட்டு நெருப்பு வைத்ததும், அவை பருத்தித் துணிபோல் சுடர்விட்டு எரிவதில்லை. சுருங்கிப் பொங்கிக் கரிய நுரையாகின்றன. மயிர் தீய்ந்த நாற்றம் அறையை நிறைக்கிறது. புகை அடங்கியபின் ஒரு கணம் நிகழ்வதுதான் விசித்திரம். பட்டு முழுதும் போய்விட்டது. ஆனால் அதைச் சுற்றியிருந்த உலோகத் தகடு இன்னும் உருகவில்லை. ஆகையால் மாங்காயும் அன்னமும் ருத்திராட்சக் கொட்டையும் நூலே இல்லாத வெறும் உலோகச் சல்லடையாக, நெய்தவன் வைத்த இடத்திலேயே வைத்தபடி நிற்கின்றன. இடுக்கி பட்டதும் அது பொடிந்துபோகிறது. பொடியை மூசையில் இட்டு, வெண்காரம் தூவி, உலையில் வைத்து ஊதினால், கசடு கண்ணாடியாக மேலே மிதக்க, அடியில் வெள்ளி திரண்டு குண்டாகிறது.

இந்த வரிசையில் ஒவ்வொரு படிக்கும் ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது. பட்டு என்பது புழு உமிழ்ந்த புரதம். கிளைசீன், அலனைன், செரைன் என்னும் அமினோ அமிலங்கள் மாலைபோல் கோத்துக் கிடப்பது. அதன் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். மயிரும் நகமும் அதே குலத்தைச் சேர்ந்தவையாகையால் நாற்றமும் அதுவே. பருத்தியின் செல்லுலோஸ் உஷ்ணத்தில் சிதைந்து எளிதில் எரியும் ஆவியாகிச் சுடரைத் தானே வளர்த்துக்கொள்கிறது. பட்டோ, நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் தானே அவிந்துவிடும் குணமுடையது. சுமார் 250, 300 டிகிரி செல்சியஸில் அது சிதையத் தொடங்குகிறது. வெள்ளி உருகுவதற்கோ 962 டிகிரி வேண்டும், தங்கத்துக்கு 1,064, செம்புக்கு 1,085. பட்டு அழியும் உஷ்ணத்துக்கும் வெள்ளி உருகும் உஷ்ணத்துக்கும் இடையிலுள்ள அந்த அகன்ற இடைவெளியில்தான் மாங்காய்கள் ஒரு கணம் தனியே நிற்க முடிந்தது.

ஜரிகையின் பிறப்பும் கவனிக்கத் தக்கது. பழைய முறையில், வெள்ளிக் கட்டி ஒன்றின்மேல் தங்கத் தகட்டைச் சுற்றிக் காய்ச்சி இணைத்து, வரவரச் சிறிதாகும் துளைகள் வழியே அதை இழுத்து, மயிரினும் மெல்லிய கம்பியாக்கி, அந்தக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலின்மேல் சுற்றினார்கள். கம்பி எத்தனை மடங்கு நீண்டாலும் தங்கப் போர்வை கிழியாமல் கூடவே நீள்வதற்குக் காரணம், அவ்விரு உலோகங்களின் படிக அமைப்பும் ஒரே ஜாதியாய், அணுக்களுக்கிடையேயுள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதேயாம். 1840-இல் எல்கிங்டன் குடும்பத்தார் இங்கிலாந்தில் மின்முலாம் பூசும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார்கள்; பிற்காலத்தில் சூரத்திலும் காஞ்சிபுரத்திலும் அதுவே வழக்கமாயிற்று. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஜரிகையில் வெள்ளி 57 சதவீதமும் தங்கம் 0.6 சதவீதமும் இருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். பின்னர் விலை ஏறவே அது 40 என்றும் 0.5 என்றும் தளர்த்தப்பட்டது. ஜரிகையை நிறுக்கும் அளவு மார்க். ஒரு மார்க் 242 கிராம். முந்தைய கணக்கின்படி ஒரு மார்க் ஜரிகையை எரித்தால் சுமார் 138 கிராம் வெள்ளியும் ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவான தங்கமும் தேறும். இரு நெசவாளர்கள் வாரக்கணக்கில் குனிந்து செய்த வேலைக்கு அந்தத் தராசில் எடை இல்லை.

வியாபாரி சொன்ன கறுப்புக்கு வருவோம். அத்திப்பட்டு வாசிகள் தங்கள் ஊர்க் காற்றில் வெள்ளிப் பாத்திரமும் ஜரிகையும் சீக்கிரம் கறுக்கின்றன என்று அங்கலாய்ப்பதில் ரசாயன நியாயம் இருக்கிறது. கறுப்பு, வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டையாக்ஸைடுதான் இதற்குக் குற்றவாளி என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் வெள்ளிக்குப் பெரும் பகை ஹைட்ரஜன் சல்பைடு. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் கரிய சேற்றில், பிராண வாயுவின்றி வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டைச் சிதைத்து அந்த வாயுவை ஓயாமல் வெளியிடுகின்றன. சாக்கடையும் அதையே செய்கிறது. நம் மூக்குக்குப் புலப்படாத சொற்ப அளவே வெள்ளிக்குப் போதும். தங்கப் போர்வையோ நுண்துளைகள் நிறைந்தது; மடிப்புகளில் தேய்ந்தும் இருக்கும்; அத்துளைகளின் வழியே வாயு புகுந்து உள்ளிருக்கும் வெள்ளியைத் தாக்க, கறுப்பு மேலே கசிந்து தங்கத்தை மூடிக்கொள்கிறது. கடலோர ஈரம் எல்லாவற்றையும் துரிதப்படுத்துகிறது. இதில் வருந்தத்தக்க விஷயம், கறுப்பைக் கண்டதும் புடவை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதுதான். சல்பைடுப் படலம் மிக மெல்லியது. பட்டுக்கு அதனால் பெரிய கேடில்லை. நல்ல பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வைத்தால் கறுப்பின் வேகம் வெகுவாகக் குறையும். கம்பளியில் மட்டும் சுற்றக்கூடாது. கம்பளியின் புரதத்திலேயே கந்தகம் ஏராளம்.

இனி, எரிந்ததில் போனது என்ன என்ற கேள்வி. அணுக்கள் என்ற கணக்கில் எதுவும் போகவில்லை: வெள்ளி மூசையில் இருக்கிறது, கார்பனும் நைட்ரஜனும் தங்கசாலைக் காற்றில் இருக்கின்றன. போனது அடுக்கு. எந்த அணு எந்த அணுவுக்கு அடுத்து, எந்த இழை எந்த இழைக்கு மேலே என்னும் அந்த வைப்பு முறையில்தான் புடவையின் வயதும் ஊரும் குலமும் எழுதியிருந்தன. அதைப் படிக்கக் கற்றவர்களுக்கு ஒரு சில மில்லிமீட்டர் நூல் போதும். சிவப்பு எதனால் ஏறியது? கொம்பரக்கா, சோழமண்டலக் கரையின் மணலில் விளைந்த சாயவேரா, அல்லது 1869-க்குப் பிறகு ஆலையில் செய்யப்பட்ட அலிஸரினா என்பதை நிறப்பிரிகை முறையில் கண்டறியலாம். பெர்கின் 1856-இல் கண்டெடுத்த செயற்கை ஊதாச் சாயமோ அதன் வாரிசுகளோ தென்பட்டால் துணி அதற்கு முற்பட்டதல்ல என்பது நிச்சயம். கார்பன்-14 பரிசோதனை 1650-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட வயதுகளைத் தெளிவாகப் பிரிக்க இயலாமல் தடுமாறும். ஆனால் அணுகுண்டுப் பரிசோதனைகளால் காற்றில் அந்த ஐசோடோப் மிகுந்து 1963 வாக்கில் உச்சத்தை எட்டிய பிற்பாடு, பட்டு அதை நுட்பமாகக் காட்டிக்கொடுக்கும். ஏனெனில் புழு தின்றது அந்தப் பருவத்து முசுக்கொட்டை இலை, இலை வாங்கியது அந்த ஆண்டின் காற்று. ஜரிகையின் குறுக்கு வெட்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், தங்கம் தகடாகச் சுற்றப்பட்டதா, மின்முலாமாக ஏறியதா என்பதற்குத் தடயம் கிடைக்கும்.

மூசையில் இவை அனைத்தும் ஒரே சமயத்தில் மறைகின்றன. வெள்ளியும் தங்கமும் எந்த விகிதத்திலும் ஒன்றிலொன்று முற்றிலும் கரையக் கூடியவை. கம்பியை இழுக்கும்போது தங்கத்தை வெள்ளியோடு ஒட்டி நிறுத்திய அதே அணு ஒற்றுமைதான், உருகும்போது அவ்விரண்டையும் பிரித்தறிய முடியாத கலவையாக்கிவிடுகிறது. நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்துத் தங்கத்தைப் பழுப்புப் பொடியாக மீட்கலாம். ஆனால் அது எங்கே, எப்படிப் படிந்திருந்தது என்பதை எந்த அமிலமும் சொல்லாது. நெசவின் விஷயமும் அப்படியே. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்கள் கொண்டு கோர்வையாகப் பிணைப்பதும், முந்தானை தொடங்கும் இடத்தில் வேறு நிறப் பாவை ஒவ்வோர் இழையாகப் பிணைத்துப் பிட்னி போடுவதும் நெசவாளனின் கையெழுத்துப் போன்றவை. வெட்டி எறியும் இடமும் நெருப்புக்குப் போகும் இடமும் துல்லியமாக அந்தப் பிணைப்பிலேயே அமைந்திருப்பது துரதிருஷ்டம்.

ஜரிகைக்காகத் துணியை எரிக்கும் இந்தக் காரியத்தை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரஃபேல் வரைந்த படிகளைக் கொண்டு அப்போஸ்தலர் சரித்திரத்தைச் சித்திரிக்கும் திரைச்சீலைகள் பிரஸ்ஸல்ஸில் நெய்யப்பட்டன. பிரான்ஸ் மன்னன் முதலாம் பிரான்சிஸுக்கென்று நெய்த தொகுதியை, 1797-இல் புரட்சி அரசாங்கத்தார் தங்க, வெள்ளி இழைகளுக்காக எரித்தார்கள். புரட்சி வருமுன்பே அந்நாட்டுப் பிரபு குலத்துப் பெண்மணிகள் பழைய சட்டைகளின் ஜரிகையைப் பொழுதுபோக்காகப் பிரித்தெடுத்து விற்றுவந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் புரட்சிக்காரர்களுக்கு அநியாயம் செய்யாதவர்களாவோம். அந்தத் திரைச்சீலைகளின் மூலப் படிகளில் ஏழு இன்றும் லண்டனில் உள்ளன. ஆகவே உருவமேனும் பிழைத்தது. மாமியாரின் மாமியாருடைய புடவைக்கு அப்படி மூலப்படி கிடையாது.

கொள்கைக்காக மூட்டப்பட்ட தீயும் உண்டு. 1921 ஜூலை 31-ஆம் நாள் பம்பாய்ப் பரேலில், காந்தியடிகள் முன்னிலையில் அந்நியத் துணிகள் மலைபோல் குவிக்கப்பட்டுக் கொளுத்தப்பட்டன; அதே ஆண்டு செப்டம்பரில் மதுரையில் அவர் அரைமுண்டுக்கு மாறினார். அவருடைய நண்பர்களான தாகூருக்கும் ஆண்ட்ரூஸுக்கும் அந்தத் தீ பிடிக்கவில்லை; உடுக்கத் துணியில்லாத நாட்டில் துணியை எரிப்பதா என்பது அவர்கள் வாதம். சரித்திரக்காரனுக்கு வேறொரு சிறு மனக்குறை உண்டு: இந்தியச் சந்தைக்கென்றே மான்செஸ்டரிலும் கிளாஸ்கோவிலும் அச்சிட்ட அந்தத் துணிகளை இன்று அருங்காட்சியகங்கள் தேடி வாங்குகின்றன. ஆனாலும் அந்தத் தீ எரித்ததைப் பகிரங்கமாகப் பெயர் சொல்லி எரித்தது. எதை இழக்கிறோம் என்று அறிந்தே இழந்தார்கள். அதை இந்த அத்தியாயத்தின் குற்றப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. கட்டிய கூறைப்புடவையோடு சிதையேறும் வழக்கமுள்ள இல்லங்களையும் அவ்வாறே விட்டுவிடுகிறேன்.

வெறுப்பின் தீயை மட்டும் விட முடியாது. 1981 மே–ஜூன் சந்தியில் ஓர் இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் போலீசாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் கொளுத்தினார்கள். செல்லப்பா என்பவர் தம் வீட்டில் 1930-களில் சிறு வாசகசாலையாகத் தொடங்கியது, 1959-இல் சொந்தக் கட்டடம் கண்டு, நூல்களும் சுவடிகளுமாக 97,000 என்று மதிப்பிடப்பட்ட செல்வமாக வளர்ந்திருந்தது. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலேயே பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர்நீத்தார். அச்சிட்ட நூல் எரிந்தால் வேறொரு நூலகத்தில் அதன் பிரதி இருக்கக்கூடும். பின்னர் யாழ்ப்பாணத்துக்கு நூல்களைச் சேகரித்து அனுப்பியவர்கள் அந்த நம்பிக்கையில்தான் அனுப்பினார்கள். ஏட்டுச் சுவடி அப்படியல்ல. பனையோலை செல்லுலோஸும் லிக்னினும் ஆனது, பூச்சி அணுகாதிருக்கத் தடவிய எண்ணெயும் சேர்ந்துகொள்ளும்போது தீக்கு விருந்து. ஒரே பிரதியாய் இருந்த ஏடு போனால் பாடமும் போயிற்று. இந்த நோக்கில், கையால் நெய்த புடவை ஏட்டின் இனம். அச்சு நூலின் இனமன்று.

ஆயினும் யாழ்ப்பாணத் தீக்கு நாள் உண்டு, சாட்சி உண்டு, ஆண்டுதோறும் நினைவுகூர்வோர் உண்டு. சட்டித் தீக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நம் அருங்காட்சியக மரபும் இதற்குத் துணை வரவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே பரமசிவன் என்பவர் ரசாயனப் பாதுகாப்பு ஆய்வகத்தைத் தொடங்கி, பச்சை பூத்து அரிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் காப்பாற்றும் வித்தையை வளர்த்தார். வெண்கலத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்த்த காலத்தில் பட்டுக்கு வாய்த்தது தெருத் தராசு. முப்பதுகளின் பிற்பகுதியில் கலாக்ஷேத்திரத்தில் ருக்மிணி தேவி தறி போட்டு, பழம்புடவைகளின் கரைகளைப் பார்த்துப் பார்த்து மீண்டும் நெய்வித்தார். அவர் பார்த்தெடுக்க அந்தப் புடவைகள் எரியாமல் இருந்தன என்பதே அந்த முயற்சியின் மூலதனம்.

அத்திப்பட்டைச் சூழ்ந்த பிரதேசம் இன்று கரியும் எண்ணெயும் துறைமுகமுமாகக் காட்சியளித்தாலும், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அது துணியால் வாழ்ந்த நிலம். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டிக்கொண்டு கிழக்குத் தீவுகளுக்குத் துணி ஏற்றினர். தெற்கே திருவொற்றியூரில் கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் காலடிப்பேட்டை. கம்பெனித் துணியை வெளுத்தவர்களின் ஊர் வண்ணாரப்பேட்டை. இவ்வளவு துணி இங்கிருந்து புறப்பட்டும், இங்குள்ளவர்கள் அன்று என்ன உடுத்தினார்கள் என்று காட்ட இங்கே ஒரு பெட்டி நிறையத் துணி தேடினால் கிடைக்காது. பருத்தி மக்கிப் போயிற்று. பட்டு மூசைக்குப் போயிற்று.

வினோதம் என்னவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துணிகளைப் பற்றிய நம் அறிவில் ஒரு பெரும்பகுதி, கத்தரிக்கோலின் உபயம். 1866-இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர், லண்டனிலிருந்த இந்திய அருங்காட்சியகத்தின் துணிகளை வெட்டி, 700 துணுக்குகளை 18 தொகுதிகளில் ஒட்டி, அப்படி 20 தொகுப்புகள் செய்து, 13-ஐப் பிரிட்டனிலும் 7-ஐ இந்தியாவிலும் வைத்தார். இந்தியர்களுக்குப் பிடித்தமான துணி எது என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதைப் போலச் செய்து இங்கேயே விற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் எதுவாயினும், ஒவ்வொரு துணுக்கின் கீழும் ஊரும் நீளமும் அகலமும் எடையும் குறித்து வைத்தார். முழுத் துணிகளாக நம்மிடம் இருந்தவை போய்விட, வெட்டுண்ட துணுக்குகள் நிலைத்திருக்கின்றன.

பட்டுப்புடவையை விற்காதீர்கள் என்று ஊருக்கு உபதேசிக்க என்னால் ஆகாது. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் பழமையின் அருமையைக் கேட்டுவிட்டு வருவதில்லை. ஆனால் வாட்சன் செய்ததை எந்த வீட்டிலும் செய்யலாம். புடவையை வெயில் படாத வெளிச்சத்தில் விரித்து, கரை, உடல், முந்தானை மூன்றையும் அளவுகோலோடு சேர்த்துப் படமெடுக்கலாம். ஒரு சென்டிமீட்டருக்குள் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் எண்ணலாம். யாருடையது, எந்தக் கல்யாணத்துக்கு, எந்த ஊர்க் கடையில் என்று பென்சிலால் ஒரு தாளில் எழுதலாம். கடைசியாக, முந்தானை தொடங்குகிற பிட்னிப் பிணைப்பில், கரையும் சேர வரும்படி, உள்ளங்கையளவு ஒரு துண்டை வெட்டி, அமிலமில்லாத தாளில் மடித்து அந்தக் குறிப்போடு வைக்கலாம். அதில் போகும் ஜரிகை சில கிராம்கள். வியாபாரி எடை போடும்போது அதைக் கவனிப்பார். ஆனால் அதற்காகப் பேரம் முறித்துக்கொண்டு எழுந்து போக மாட்டார்.